கண்ணாடி லோடு

…விடு, விடு, இன்னும் கொஞ்சம் விடு, அவ்வளவுதான், இனி மிதி, என்று தன் கால்களுக்குத் தானே உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள், கால்கள் என்னவோ அவள் சொல்வதற்கு முன்பே செய்து முடித்திருந்தன, லாரி ஒருமுறை உடம்பை உதறிக்கொண்டு வளைவுக்குள் ஏறத் தொடங்கியிருந்தது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை, வாய் சும்மா இருந்தால் மனசு வேறெங்காவது ஓடிவிடும் போலிருந்தது, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் ஆகாயம், அந்த ஒன்றுமே இல்லாத பக்கத்தைப் பார்க்காதே, பாதையைப் பார், பாதை எங்கே திரும்பி மறைகிறதோ அங்கே பார், கண் போகிற இடத்துக்குத்தான் வண்டியும் போகும், இதை யார் சொன்னது, அவரா, இல்லையே, இது தையல் மிஷினில் உட்கார்ந்த காலத்திலிருந்தே தெரிந்ததுதானே, ஊசியைப் பார்த்துத் தைத்தால் கோணல், ஊசிக்கு முன்னால் வருகிற துணியைப் பார்த்துத் தைத்தால் நேர்… இதோ, முதுகில் மறுபடியும் அந்த அழுத்தம். சீட்டுக்குப் பின்னால் இருக்கும் படுக்கைப் பலகையில் மல்லாந்து கிடக்கிறார் அவள் புருஷன், ஒவ்வொரு வளைவிலும் அங்கே படுத்தபடியே இல்லாத பிரேக்கை மிதிக்கிறார், அந்த மிதி சீட்டின் முதுகைத் தாண்டி வந்து அவள் முதுகெலும்பில் இடிக்கிறது, இடுப்பு பிடித்துக்கொண்டு புரளக்கூட முடியாத மனுஷனுக்குக் கால் மட்டும் எப்படித்தான் இப்படி வேலை செய்கிறதோ. மிதியுங்கள், மிதியுங்கள், நன்றாக மிதியுங்கள், உங்கள் பிரேக் அங்கே, என் பிரேக் இங்கே, எந்தப் பிரேக்குக்கு வண்டி கேட்கிறது என்று பார்ப்போம்.

காலையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மலையடிவாரத்து டீக்கடையில் வண்டியை ஓரம்கட்டி, பின்னால் ஏறி, கண்ணாடிகளைச் சுற்றியிருந்த பெல்ட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தவர், கடைசிப் பெல்ட்டுக்குக் குனிந்தார், குனிந்தவர் நிமிரவில்லை. "ஐயோ"வென்று கூடச் சொல்லவில்லை, அப்படியே குனிந்த வாக்கில் நின்றபடி, ரொம்பச் சாதாரணமான குரலில், "இங்க கொஞ்சம் வாயேன்" என்றார், கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்த மாதிரி ஒரு சாதாரணமான குரலை அவள் கேட்டதே இல்லை, அதனாலேயே ஓடினாள். டீக்கடைக்காரரும் அவளும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து இறக்கிப் பெஞ்சில் சாய்த்தார்கள். மெடிக்கல் கடையிலிருந்து வலி மாத்திரை வந்தது, சுடுதண்ணீர் ஒத்தடம் வந்தது, வழியில் போகிறவர்களின் யோசனைகள் கேட்காமலே வந்தன, இடுப்பு மட்டும் வரவில்லை. அதற்குள் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மேஸ்திரி போன் பண்ணிவிட்டார், ஆஸ்பத்திரிக் கட்டடத்து வாசலில் கிரேன் வந்து நிற்கிறதாம், இன்றைக்கு ஒருநாள்தான் இங்கே நிற்குமாம், நாளைக்கு வேறு ஊருக்குப் போய்விடுமாம், நோயாளிகளை உள்ளே விடத் தேதி குறித்தாயிற்றாம், ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லாமல் எப்படி விடுவது, நீங்களே சொல்லுங்கள். இவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு "வந்துடும், வந்துடும்" என்றார். போனை வைத்துவிட்டு அவளைப் பார்க்கவில்லை, டீக்கடைக்காரரைப் பார்த்து, "மலை ஆளு யாராச்சும் இருக்காங்களா" என்றார்.

மலை ஆள் என்றால், மலைப்பாதை பழகாதவர்களின் வண்டியை அடிவாரத்தில் வாங்கி ஓட்டி, அந்தப் பக்கம் இறக்கிக் கொடுத்துவிட்டு, வேறு ஏதாவது வண்டியில் தொற்றிக்கொண்டு திரும்பி வருகிறவர். வந்தார், பல்குச்சியும் வாயுமாக, லாரியை ஒரு சுற்றுச் சுற்றினார், டயரை உதைத்துப் பார்த்தார், ஏன்தான் எல்லோரும் டயரை உதைக்கிறார்களோ, டயர் என்ன பதில் சொல்லும் என்று எதிர்பார்க்கிறார்களோ. வண்டிக்குள் தலையை விட்டுக் கியரைப் பிடித்து ஆட்டினார். அந்த ஆட்டல்தான், அவள் வீட்டு அலமாரியை யாரோ கேட்காமல் திறந்த மாதிரி இருந்தது, இந்தக் கியர் மூன்றிலிருந்து இரண்டுக்கு வரும்போது கொஞ்சம் அடம்பிடிக்கும், ஒரு நொடி நடுவில் நிறுத்திக் கொஞ்சிவிட்டுத்தான் தள்ள வேண்டும், அதை இந்த ஆளுக்கு யார் சொல்வது, சொன்னாலும் கேட்பாரா… "நானே எடுக்கிறேன்" என்று யாரோ சொன்னார்கள். யார் என்று பார்த்தால் அவளேதான். மலை ஆள் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "அண்ணே, அக்கா சமவெளியில ஓட்டுறதை நானும் பார்த்திருக்கேன், தப்பு சொல்லலை. ஆனா இது மலை. மேல இருக்கறது கண்ணாடி. யோசிச்சுக்குங்க." அண்ணன் யோசித்தார். நன்றாகத்தான் யோசித்தார், பெஞ்சில் சாய்ந்து, நெற்றியில் வியர்வை பூக்க, மலையை அண்ணாந்து பார்த்து. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு கையைப் பெஞ்சில் ஊன்றி எழுந்து, படியைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தவழ்ந்து தவழ்ந்து படுக்கைப் பலகையில் ஏறிப் படுத்துவிட்டார். அதற்கு என்ன அர்த்தம்? நீ ஓட்டு என்று அர்த்தமா, எனக்கு வலிக்கிறது, என்ன வேண்டுமானாலும் பண்ணித் தொலையுங்கள் என்று அர்த்தமா? வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் இந்த மனுஷனுக்கு… அடுத்த வளைவு. விடு, விடு, நடுவில் நிறுத்து, கொஞ்சு, தள்ளு. விழுந்துவிட்டது. என் ராசா.

கார்மெண்ட்ஸில் காலர் தைத்துக்கொண்டிருந்தவள் அவள். மகள் படித்து, வேலை கிடைத்து, வெளியூர் போன பிறகு, வீட்டில் இரண்டு தட்டு, அதில் ஒரு தட்டும் மாதத்தில் பாதி நாள் ரோட்டில், என்ன வாழ்க்கை இது என்று ஒருநாள் தோன்றியது, தோன்றியதும் பையைத் தூக்கிக்கொண்டு லாரியில் ஏறிவிட்டாள், ஒரு டிரிப் சும்மா துணைக்கு வருகிறேன் என்றுதான் ஏறினாள், அந்த ஒரு டிரிப் இன்னும் முடியவில்லை. லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில் அதிகாரி வண்டியையும் பார்த்தார், இவளையும் பார்த்தார், திரும்ப வண்டியைப் பார்த்தார். அவள் எட்டு போட்டுக் காட்டினாள், காலர் வளைவைவிட அந்த எட்டு ஒன்றும் பெரிய வளைவில்லை, வளைவில் துணியைப் பிடித்து இழுக்கக்கூடாது, கையை மட்டும் காட்டினால் போதும், மிஷின் தானே வாங்கிக்கொள்ளும். ஸ்டியரிங்கும் அப்படித்தான். மகள்தான் போனில், "ஏம்மா, உனக்கு எதுக்கும்மா இந்த வேலை, முதுகு போயிடும்" என்றாள். கடைசியில் யார் முதுகு போயிற்று பார். இந்தப் பாதைகளில் அவள் புருஷனுக்கு மீசை என்று பேர், மீசையை எடுத்துப் பல வருஷமாகிறது, பேர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் அவளுக்கு என்ன பேர் வந்தது தெரியுமா, மீசையக்கா. முதன்முதலில் ஒரு டிரைவர் "வணக்கம் மீசையக்கா" என்று கூப்பிட்டபோது பக்கக் கண்ணாடியில் உதட்டுக்கு மேலே தடவிப் பார்த்துக்கொண்டாள், இவர் அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு முழுக்கச் சிரித்தார்… சிரிக்கத் தெரிந்த மனுஷன்தான். சமவெளி முழுக்க அவளிடம் வண்டியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கடலை கொறிப்பார், அவள் ஓட்டுவதைப் பற்றி நாலு பேரிடம் பெருமையாகவும் சொல்வார், ஆனால் மலை கண்ணில் பட்டதும் வண்டியை ஓரம்கட்டச் சொல்லிவிடுவார். அவளும் கட்டிவிடுவாள், இந்தப் பக்கம் இறங்கி, சுற்றிப் போய், அந்தப் பக்கம் ஏறிக்கொள்வாள். அதைப் பற்றி ஒருநாளும் இருவருக்கும் பேச்சு வந்ததில்லை. பேச்சு வராததனாலேயே அது ஒரு சட்டம் மாதிரி ஆகிவிட்டிருந்தது. ஏன் ஒருநாளும் கேட்கவில்லை? பயமா? இல்லை… கேட்டு, அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அதற்கப்புறம் அந்த ஓரம்கட்டலை எப்படிச் செய்வது, அதுதான்.

இது என்ன, ஐயையோ, இது என்ன, கொண்டை ஊசி வளைவின் நடுவே மேலிருந்து ஒரு பஸ் மூக்கை நுழைத்துவிட்டது, ஏறி வருகிற வண்டிக்காக மேலேயே நின்றிருக்க வேண்டியவன் அவசரத்தில் இறங்கிவிட்டான், இதோ கண்ணாடிக்கு எதிரே கண்ணாடி, அவன் முகம் தெரிகிற தூரம், மிதிக்காதே, மிதிக்காதே, பிரேக்கை மிதிக்காதே, பிரேக்கின் மேல் காலை வை, வைத்துக்கொண்டே போ… நின்றது. பின்னால் லோடு முழுக்க ஒரே குரலில், வாயை மூடிக்கொண்டு முனகுகிற மாதிரி, ம்ம்ம்… என்றது. அவ்வளவுதான். உடைகிற சத்தம் இல்லை. கை பிரேக்கை இழுத்துவிட்டாள், உஸ்ஸென்று காற்று விட்டது, அது வண்டி விட்டதா, அவள் விட்டதா. முதுகில் மிதி என்று மிதி, சீட்டே முன்னால் வந்துவிடும் போலிருந்தது. பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பின்னால் எடு, பின்னால் எடு என்று கையைக் காட்டினார். பின்னால் ஒரு கார் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அதற்குப் பின்னால் ஒரு டேங்கர் லாரி, எங்கே எடுக்க. அவள் தலையை ஆட்டினாள்.

"அம்மா, டிரைவரைக் கூப்பிடும்மா!" என்றார் பஸ்காரர்.

"டிரைவர்தான் பேசறேன். ஏறி வர்ற வண்டிக்குத்தான் வழி. நீங்க பின்னால எடுங்க."

பஸ்ஸின் ஜன்னல்களில் எல்லாம் தலைகள் முளைத்துவிட்டன, ஒரு ஜன்னலில் ஒரு பெண் தன் குழந்தைக்கு இவளைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள், பார்த்துக்கொள் கண்ணு, நன்றாகப் பார்த்துக்கொள், எனக்கே பார்க்க வேண்டும் போலத்தான் இருக்கிறது. கண்டக்டர் இறங்கி விசில் ஊத, பஸ் முனகிக்கொண்டே பின்வாங்கியது. வழி விட்டாயிற்று. இனிதான் இருக்கிறது. செங்குத்தில் நிற்கிற வண்டி, கண்ணாடிப் பாரம், பின்னால் ஒட்டி நிற்கும் கார், ஒரு சாண் பின்னால் உருண்டாலும் போச்சு. "கட்டை போடச் சொல்லு! கண்டக்டர்கிட்ட சொல்லு, டயருக்குக் கட்டை போடட்டும்! உருண்டுடும்!" பின்னாலிருந்து அவர் கத்தினார், மலையடிவாரத்திலிருந்து அவர் வாயைத் திறந்தது இதுதான் முதல் தடவை. அவளுக்குக் கேட்டது, கேட்காமலும் இருந்தது, ஏனென்றால் அந்த நேரத்தில் இடது பாதம் வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தது, கிளட்ச் மெல்ல மேலே வர வர, இஞ்சினின் குரல் கனத்து, ஒரு இடத்தில், ஒரே ஒரு இடத்தில், வண்டியின் முன்பக்கம் மூச்சை இழுத்து நெஞ்சை நிமிர்த்துகிற மாதிரி எழும்பும், துணியின் நாலு மடிப்பில் ஊசி இறங்கலாமா என்று தயங்கி நிற்குமே அந்த இடம், அங்கே நிறுத்து, அங்கேயே நிறுத்து, இப்போது கை பிரேக்கை விடு… விட்டாள். லாரி பின்னால் ஒரு நூல்கூடப் போகவில்லை. எதுவுமே நடக்காத மாதிரி, நின்ற இடத்திலிருந்து எழுந்து நடக்கிற யானை மாதிரி, மேலே போயிற்று. பஸ்ஸைக் கடக்கும்போது அந்த டிரைவர் கையைத் தூக்கி ஒரு சலாம் போட்டார், அல்லது முகத்தில் பூச்சியை விரட்டினாரோ என்னவோ, அவள் அதைச் சலாம் என்றே எடுத்துக்கொண்டாள்.

மலை உச்சியில் எல்லா வண்டிகளும் கொஞ்சம் நின்று இளைப்பாறுகிற ஒரு திடல் இருந்தது. நிறுத்தி, இறங்கி, டயர்களைத் தொட்டுப் பார்த்து, பெல்ட்டுகளை இழுத்துப் பார்த்து, தார்ப்பாய்க்குள் கையை விட்டுக் கண்ணாடி விளிம்புகளுக்கு நடுவே இருக்கும் தக்கைகளைத் தடவிப் பார்த்தாள், எல்லாம் காலையில் இருந்த இடத்திலேயே இருந்தன. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் அவருக்குக் கொடுத்தாள். தலையை மட்டும் தூக்கிக் குடித்தார், கழுத்தெல்லாம் வழிந்தது, துடைத்துவிட்டாள். கேபின் கூரையைப் பார்த்தபடியே படுத்திருந்தார். "அந்த பஸ்ஸுகிட்ட…" என்றார். வந்துவிட்டது என்று நினைத்தாள், சொன்னேனே, கேட்டாயா, பிடிவாதம், அகம்பாவம், எல்லாம் வரிசையாக வரப்போகிறது. "அந்த பஸ்ஸுகிட்ட, நானா இருந்தா, கட்டை போட்டிருப்பேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். குறை சொல்கிறாராக்கும் என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்து, ஏறி, உட்கார்ந்து, சாவியைத் திருகி, கொஞ்ச தூரம் நகர்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, ஏய், ஏய், இரு, இந்த மனுஷன் என்ன சொன்னார், அவராக இருந்தால் கட்டை போட்டிருப்பார் என்றால், அவராக இருந்தால் கட்டை போடாமல் எடுத்திருக்க மாட்டார் என்றுதானே, அவருக்கு முடிந்திருக்காது என்றுதானே… கல்யாணமான புதிதில் அவள் தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, "பரவாயில்லை, கடைச் சட்டை மாதிரி இல்லை" என்று சொன்னவர், அதைப் பாராட்டு என்று புரிந்துகொள்ளவே அவளுக்கு மாதக்கணக்கானது. இவருக்கென்று தனியாக ஒரு அகராதி போட வேண்டும்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் பொல்லாதது. ஏற்றத்தில் வண்டி உன்னைக் கெஞ்சும், இறக்கத்தில் நீதான் வண்டியைக் கெஞ்ச வேண்டும், பாரம் முழுக்க முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே வரும், போ, போ, இன்னும் வேகமாகப் போ என்று, அந்தப் பேச்சுக்கு மயங்கி மேல் கியருக்குப் போய்விட்டால் அப்புறம் பிரேக்தான் ஒரே கதி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிச் சூடேறி ஒரு கட்டத்தில் உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று கைவிரித்துவிடும். இரண்டாவது கியர். இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும். தூறல் வேறு போட ஆரம்பித்தது, வைப்பர் கீச்சு கீச்சென்று இழுத்தது. பின்னால் ஹாரன். அந்த டேங்கர்காரன்தான், ஏற்றத்தில் பொறுமையாக வந்தவனுக்கு இறக்கம் வந்ததும் றெக்கை முளைத்துவிட்டது, ஹாரன், விளக்கு, மறுபடி ஹாரன். முன்பெல்லாம் ஹாரன் சத்தம் கேட்டாலே அவளுக்குக் காது மடல் சூடாகிவிடும், தன்னைத்தான் திட்டுகிறார்கள், வீட்டில் கிடக்காமல் உனக்கெதற்கு வண்டி என்றுதான் ஒவ்வொரு ஹாரனும் சொல்கிறது என்று தோன்றும், அவசரப்பட்டு ஒதுங்கிவிடுவாள். இன்றைக்குக் காது சூடாகவில்லை. ஏன் சூடாகவில்லை? அடி, நிறைய அடி, உன் பாட்டரி, உன் ஹாரன், இடம் வந்தால் விடுகிறேன், வராவிட்டால் என் பின்னாலேயே வா, என் வண்டியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வேண்டிய வெளிச்சம் முழுக்க இருக்கிறது, உன் அவசரத்துக்கெல்லாம் அதைக் குலுக்க முடியாது. பாதை கொஞ்சம் அகன்ற இடத்தில் ஒதுங்கிக் கையைக் காட்டினாள், டேங்கர் சீறிக்கொண்டு முந்திப் போயிற்று, போகிற போக்கில் அந்த டிரைவர் "படுத்துக்கிட்டா ஓட்டுறே?" என்று கத்திவிட்டுப் போனான். படுத்துக்கொண்டிருப்பவர் பின்னால் இருக்கிறார் தம்பி…

படுத்துக்கொண்டிருப்பவர். இரு. முதுகில் ஏன் மிதி விழவில்லை? இந்த வளைவிலும் விழவில்லை, அதற்கு முந்தின வளைவிலும் விழவில்லை, எப்போதிலிருந்து விழவில்லை? "என்னங்க?" பதில் இல்லை. வலியில் மயக்கமா, மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா, "என்னங்க!" நிறுத்தலாமா, இந்த இறக்கத்தில் எங்கே நிறுத்துவது, ஒரு கையால் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைத் திருப்பினாள், அதில் அவர் முகம் தலைகீழாகத் தெரிந்தது, வாய் திறந்திருந்தது, அப்போதுதான் இஞ்சின் சத்தத்துக்கு அடியிலிருந்து அது மெல்ல மேலே வந்தது, முதலில் ஒரு உரசல், அப்புறம் ஒரு இழுப்பு, அப்புறம் சந்தேகமே இல்லாமல், வீடே அதிருமே அந்தக் குறட்டை.

தூங்குகிறார். இவரா? மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, மாற்று டிரைவரிடம் வண்டியைக் கொடுத்துவிட்டுக் கண்ணயர்ந்தார், அந்த டிரைவரும் ஓட்டிக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டார், கண் விழித்தால் லாரி ஒரு வயலுக்கு நடுவே கிடக்கிறது, தலையில் தையல், அந்தத் தழும்பு இன்னும் முடிக்கு நடுவே வெள்ளைக் கோடாக இருக்கிறது. அன்றிலிருந்து இன்னொருவர் கையில் ஸ்டியரிங் இருக்கும்போது அவர் தூங்கியதில்லை, பஸ்ஸில் தூங்கியதில்லை, ரயிலில்கூட, ரயிலை யார் ஓட்டுகிறார்கள் என்று பார்க்காமல் எப்படித் தூங்குவது என்பார், சமவெளியில், நேர்ரோட்டில், பட்டப்பகலில் அவள் ஓட்டும்போதுகூட, கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார், கால் மட்டும் முழித்துக்கொண்டிருக்கும். அந்தக் கால் தூங்குகிறது. மலை இறக்கத்தில். தூறலில். கண்ணாடி லோடில். மாத்திரையாக இருக்குமோ? மாத்திரை என்றால் ஏறும்போதே தூங்கியிருக்க வேண்டாமா? சரி, மாத்திரை இறக்கத்தில்தான் வேலை செய்தது என்று வைத்துக்கொள், வைத்துக்கொண்டால் என்ன, வைத்துக்கொள்ளாவிட்டால்தான் என்ன… வாய்விட்டுச் சிரித்துவிட்டாள், சிரித்தால் எழுந்துவிடுவாரோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள், கண்ணில் தண்ணீர் வந்து பாதை ஒரு நொடி இரண்டாகத் தெரிந்தது, சீ, பைத்தியம், ரோட்டைப் பார். யாரிடமாவது இப்போதே சொல்ல வேண்டும், மகளுக்குப் போன் போட்டு, அப்பா தூங்கறாருடி என்று சொல்ல வேண்டும், அவள் ஐயோ என்னாச்சும்மா என்று பதறுவாள், ஒன்றும் ஆகவில்லை, தூங்கறாரு, நான் மலையில ஓட்டறேன், அவரு தூங்கறாரு, அவ்வளவுதான் சேதி. வளைவு வந்தது, கையை மட்டும் காட்டினாள், வண்டி தானே வாங்கிக்கொண்டது. அடுத்த வளைவும் வந்தது. இப்போது கால்களிடம் எதுவும் சொல்லவில்லை. பாதையின் அந்தப் பக்கத்தை, ஒன்றுமே இல்லாத பக்கத்தை, முதல் தடவையாக ஒரு கண்ணால் பார்த்தாள், ஒன்றுமே இல்லாமல் இல்லை, கீழே ஒரு ஆறு இருந்தது, சின்னச் சின்ன வீடுகள் இருந்தன, ஒரு வீட்டு மாடியில் யாரோ மழைக்குப் பயந்து துணிகளை அவசரமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள், அட, இவ்வளவு அழகாகவா இருந்தது இது, இத்தனை வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தும் பார்க்காமல் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்? அவர் காலைத்தான். அவர் பிரேக் மிதிக்கிறாரா இல்லையா என்று.

இரண்டு வளைவு தள்ளி டேங்கர் ஓரமாக நின்றுகொண்டிருந்தது, பின்சக்கரங்களிலிருந்து வெள்ளையாகப் புகை, சூடான பிரேக்கின் அந்தக் கருகல் வாசம் தூறலிலும் மூக்கில் ஏறியது. டிரைவர் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், உனக்கு என்ன குறை வைத்தேன் என்று கேட்கிற மாதிரி. லாரி உருண்டு வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, பெரிய கும்பிடாகப் போட்டான், முகம் முழுக்கச் சிரிப்பு, ரோஷம் இல்லாத பிள்ளை, நல்ல பிள்ளைதான். ஒரே ஒரு ஹாரன் அடித்தாள். சின்னதாக. பின்னால் குறட்டை ஒரு நொடி நின்றது, அவள் மூச்சும் நின்றது, பிறகு குறட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டடத்து வாசலில் கிரேன் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தது, தூறல் விட்டு வெயில் சாய்ந்திருந்தது. மேஸ்திரி தார்ப்பாயை விலக்கச் சொல்லி, மேலே ஏறி, ஒவ்வொரு கண்ணாடியாக விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, விளிம்புகளைக் கட்டைவிரலால் தடவி, முதல் வரிசை முடித்து, இரண்டாம் வரிசை முடித்து இறங்கினார். "ஒரு கீறல் இல்லை" என்றார் மேஸ்திரி. அதற்குள் அவள் புருஷன் கதவைப் பிடித்து மெதுவாக இறங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார், மேஸ்திரி அவரிடம் போய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மீசை, உங்க கைராசியே கைராசிங்க. இந்த மழையில, இந்த மலையில, ஒரு விரிசல்கூட விடாம கொண்டாந்துட்டீங்களே."

"என் கை எங்க இருந்துச்சு?" என்றார் அவர். "மலை முழுக்க நான் தூங்கிட்டில்ல வந்தேன். அவகிட்ட சொல்லுங்க."

மேஸ்திரி திரும்பிப் பார்த்தார், கிரேன்காரர் பார்த்தார், பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் பார்த்தார்கள். அவள் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் டயரைப் பார்த்தாள், பார்த்ததோடு நிற்காமல் ஒரு உதையும் உதைத்துவிட்டாள். மலை முழுக்கவா? ஏறும்போது எங்கே தூங்கினார், ஏறும்போது முதுகில் பள்ளமே விழுந்துவிட்டதே. பொய். எல்லோர் முன்னாலும், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், ஏற்றத்தையும் சேர்த்து அவள் கணக்கிலேயே எழுதிவிட்டார். முதல் கண்ணாடி கிரேனில் எழும்பியது, மெல்லத் திரும்பியது, திரும்பியபோது அதில் ஒரு துண்டு ஆகாயமும், ஒரு மேகமும், அவர்கள் லாரியும், லாரிக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நிற்கிற ஒரு பொம்பளையும் தெரிந்து, எல்லாம் அப்படியே மேலே போயின. எத்தனை பேர் காய்ச்சலோடு படுத்துக்கொண்டு அது வழியாக வெளியே பார்ப்பார்கள், எந்த ஜன்னல், எந்தக் கட்டில், தெரியாது. எல்லாக் கண்ணாடியும் மேலே போகிற வரைக்கும் அவள் நின்று பார்த்தாள், கால் வலித்தது, அந்த வலியும் நன்றாக இருந்தது.

வேலை எல்லாம் முடிந்து, காலி லாரியின் பின்பலகையில் இருவரும் உட்கார்ந்து டீ குடித்தார்கள். அவர் கப்பைக் கீழே வைத்துவிட்டு இறங்கி நின்றார், நிமிர்ந்தார், மெதுவாகக் குனிந்தார், இன்னும் குனிந்தார், விரல் நுனியால் தரையைத் தொட்டார். "பாத்தியா? விட்டுடுச்சு. அந்தத் தூக்கந்தான் வேலை பண்ணியிருக்கு" என்றார், முகம் குழந்தை மாதிரி மலர்ந்திருந்தது. "நாளைக்குத் திரும்பறப்போ நான் எடுத்துக்கிறேன். நீ நல்லாத் தூங்கிட்டு வா." எவ்வளவு நல்ல செய்தி, காலையில் குனிந்த இடத்திலேயே நின்ற மனுஷன், இதோ தரையைத் தொடுகிறார், இதைவிட வேறென்ன வேண்டும், சந்தோஷம், சந்தோஷம்தான், ஆனால் அந்தச் சந்தோஷம் வந்து சேர்வதற்கு ஒரு அடி முன்னால், ஒரே ஒரு அடி முன்னால், வேறு ஏதோ ஒன்று உள்ளே புகுந்து உட்கார்ந்துவிட்டதே, அது என்ன… அதுக்குள்ளயா, என்று கேட்டதே, அது யார் குரல்? இவர் வலி இன்னும் ஒரு நாள் இருந்திருக்கக்கூடாதா என்று நினைத்தது நானா? நானேதானா? அவள் பார்க்கவில்லை என்று நினைத்து அவர் இன்னொரு முறை குனிந்து காட்டினார். "போதும், மெதுவா" என்றாள். அக்கறையாகத்தான் சொன்னாள், குரலும் அக்கறையாகத்தான் வந்தது. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், என்ன தெரிந்ததோ அவருக்கு, ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தார், நாளைக்கு நான் எடுத்துக்கிறேன் என்றவர், சாவியை எங்கே வைத்திருக்கிறாய் என்று மட்டும் கேட்கவில்லை.